ஏடிடி 43-ம் பொன்னியும்: பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை ஒதுக்கி ஒப்பிட எது நல்லது?

மன்னார்குடியில் மாமாவின் விதைக்கடைக்குப் பைத்தானில் இருப்புக் கணக்கு நிரல் ஒன்று எழுதிக் கொடுத்தேன். குறுவை விற்பனை தொடங்கியதுமே சிக்கல். ஆடுதுறை நெல் ரகங்களுக்கான ஏடிடி என்ற ஆங்கிலச் சுருக்கத்தை மாமா பெரிய எழுத்தில் தட்டுவார், கடைப் பையன் சின்ன எழுத்தில் தட்டுவான். ஒரே ஏடிடி 43 இரண்டு ரகமாகப் பதிவாகி, இருப்பு பிரிந்து நின்றது.

எல்லாரும் முதலில் எடுப்பது லோயர், அதாவது சொல்லைச் சின்ன எழுத்தாக்கும் கட்டளை. இரு பக்கத்தையும் சின்ன எழுத்தாக்கி ஒப்பிடலாம். ரகக் குறியீட்டுக்கு இதுவே போதும். ஜாவாவில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே அதே வேலையைச் செய்யும் டுலோயர்கேஸ் கணினியின் மொழி அமைப்பைப் பார்த்து நடக்கும். துருக்கி அமைப்பில் ஐஆர் 20 என்ற ரகத்தின் முதல் எழுத்தான ஆங்கில ஐ, புள்ளியில்லாத சின்ன ஐ ஆகிவிடும், அப்புறம் எதோடும் பொருந்தாது. எந்த மொழியையும் சாராத லொகேல் ரூட் என்ற அமைப்பைக் கொடுத்துவிட்டால் சரி. பெரிது சின்னது பாராமல் ஒப்பிடும் ஈக்வல்ஸ்இக்னோர்கேஸ் மொழி அமைப்பையே பார்ப்பதில்லை.

பைத்தான் 3.3-இல் வந்த கேஸ்ஃபோல்ட் ஒப்பிடுவதற்கென்றே செய்தது. எஸ்ஸெட் என்ற ஜெர்மன் எழுத்தை லோயர் அப்படியே விடும், இது இரட்டை எஸ் ஆக்கும். லோயர் போலவே ஒரு வரிதான் என்பதால் நான் இதைத்தான் எடுப்பேன்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பெரிது சின்னது பாராமல் தேடும் ஐலைக் இருக்கிறது. ஆனால் அது வடிவத் தேடல். தேடும் சொல்லில் அடிக்கோடு வந்தால் ‘ஏதோ ஓர் எழுத்து’ என்று பொருள் கொள்ளும். இரண்டும் ஒன்றா என்று பார்க்க அதை வைக்கக் கூடாது. இன்னொரு தரவுத்தளமான மைஎஸ்கியூஎல் 8-இன் இயல்புக் கொலேஷன், அதாவது எழுத்துகளை ஒப்பிடும் விதி, பெரிது சின்னது பார்ப்பதேயில்லை.

என்னை ரொம்ப அலைய விட்டது தமிழில் தட்டும் பொன்னி என்ற ரகப் பெயர். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. லோயரும் கேஸ்ஃபோல்டும் அதைத் தொடாது. ஆனால் ‘பொ’வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒரே பொன்னி, நிரலுக்கு இரண்டு. பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி இயல்பாக்கம் செய்தால் அவை சேரும். ‘கோ 51’க்கும் இதே கதை. டெல்டாவில் தமிழும் ஆங்கிலமும் கலந்துதான் தட்டுவார்கள், அதனால் இதை விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

இப்போது அங்கே ஓடுவது இதுதான்: கேஸ்ஃபோல்ட், பிறகு என்எஃப்சி, கடைசியில் இடைவெளி நீக்கம். ஏடிடிக்கும் 43-க்கும் நடுவே இடைவெளி விடுவதில் அந்த இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. இப்படி வரும் வடிவம் தனி நெடுவரிசையில் இருக்கிறது. ரசீதில் அவரவர் தட்டியதே அச்சாகும்.