எபிக்டெட்டஸின் ‘கைநூல்’: நான்காம் பகுதியில் தொடங்குங்கள்

மொத்தம் 53 சிறு பகுதிகள். உட்கார்ந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒரே மூச்சில் படித்தால் ஒன்றும் ஒட்டாது. வாரத்துக்கு ஒரு பகுதி போதும். அடிமையாக இருந்து விடுதலை பெற்று, கிரேக்க நகரமான நிகோபோலிஸில் பள்ளி நடத்திய பண்டைய தத்துவ ஞானி எபிக்டெட்டஸின் பாடங்களிலிருந்து மாணவர் ஆரியன் திரட்டிய நூல் இது. கிரேக்கத் தலைப்புக்கு ‘கைக்குள் இருப்பது’ என்று பொருள். குறுவாளுக்கும் அதே சொல்தான்.

பலர் முதல் பகுதியோடு நின்றுவிடுகிறார்கள். எண்ணம், முயற்சி, விருப்பு வெறுப்பு நம் வசம். உடல், சொத்து, பெயர், பதவி நம் வசமில்லை. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் ‘நம் கையில் என்ன இருக்கிறது’ என்று சும்மா உட்காரத் தோன்றும். அதற்கு மருந்து 30ஆம் பகுதி: தந்தையோ சகோதரரோ எப்படி நடந்துகொண்டாலும், அந்த உறவில் நம் கடமையை நாம் செய்தாக வேண்டும்.

உண்மையில் தினமும் உதவுவது 4ஆம் பகுதி. பொதுக் குளியல் கூடத்துக்குப் புறப்படுமுன், அங்கே தண்ணீரை வாரி இறைப்பவர், இடிப்பவர், ஏசுபவர், திருடுபவர் எல்லாரையும் நினைத்துப் பார்க்கச் சொல்கிறார். வேலைக்கான நேர்காணலுக்கு இதைப் பொருத்தலாம்: காக்க வைப்பார்கள், குறுக்கே பேசுவார்கள், ஒருவர் போனையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த மூன்றையும் முந்தைய நாள் மாலையே எழுதுங்கள். அடியில், ‘நன்றாகப் பதில் சொல்ல வேண்டும், நிதானமும் கெடக் கூடாது’ என்று இரண்டு நோக்கங்களையும் எழுதுங்கள். இந்தக் கடைசி வரியை விட்டால் தொல்லைகளின் பட்டியல்தான் மிஞ்சும், பயிற்சி பயமாகிவிடும். படுக்கையில் எழுதினால் தூக்கமும் போகும்.

செலவாளிகளுக்கு 34ஆம் பகுதி. ஆசை வந்ததும் கொஞ்சம் தள்ளிப்போட்டு, அனுபவிக்கும் நேரத்தையும் பிறகு வருந்தும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார். ஆன்லைன் கார்ட்டில் போட்ட பொருளை மறுநாள் வரை விட்டுவையுங்கள்.

இந்த நூலில் பெரிய குறை ஒன்று உண்டு. முடிவுகளைச் சொல்கிறது, அதற்கான வாதங்களைச் சொல்வதில்லை. வாதங்கள் ஆரியனே பதிவுசெய்த ‘உரைகள்’ நூலில் இருக்கின்றன. அதில் நான்கு தொகுதிகள் கிடைத்திருக்கின்றன. 3ஆம் பகுதி நமக்குப் பிடித்த குடம் உடைவதில் தொடங்கி, சட்டென்று பெற்ற குழந்தையின் மரணத்துக்குத் தாவுகிறது. காரணம் தெரியாமல் படித்தால் கல்நெஞ்சுக்காரர் பேச்சாகவே படும். துக்கத்தில் இருப்பவர் கையில் இதைக் கொடுக்காதீர்கள்.

வாங்கும்போது பகுதி எண்களும் அடிக்குறிப்புகளும் உள்ள பதிப்பாகப் பாருங்கள். பொன்மொழித் தொகுப்பாகச் சுருக்கியவை வேண்டாம். பயிற்சிக்கான விளக்கங்களைத்தான் அவற்றில் முதலில் வெட்டுவார்கள்.