வாயுப் பிடிப்பா, மாரடைப்பா?
நெஞ்சைக் கரித்தால் சோடா குடித்துவிட்டுப் படுப்பது நம் வீடுகளில் வழக்கம். நெஞ்செரிச்சல் பெரும்பாலும் சாப்பிட்ட பிறகு வரும். குனிந்தால், படுத்தால் கூடும். புளித்த ஏப்பம் எடுக்கும்.

மாரடைப்பு வேறு மாதிரி. நடு நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றிய அழுத்தம், இடது கை, தாடை, முதுகு என்று பரவும். சட்டை நனைய வியர்க்கும். ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் சில சமயம் மூச்சிரைப்பு, குமட்டல், அசதி மட்டுமே இருக்கும். ஏப்பம் விட்டதும் லேசானது என்று தயவுசெய்து நம்பி இருந்துவிடாதீர்கள்.

சில நிமிடங்களில் விடவில்லையா, 108-ஐ அழையுங்கள். பைக்கை எடுக்க வேண்டாம். முதல் இசிஜி சரியாக இருந்தாலும், சில மணி நேரம் விட்டு இதயத் தசை பாதிக்கப்பட்டதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுக்க வேண்டியிருக்கலாம். அதுவரை ஆஸ்பத்திரியிலேயே இருங்கள்.