பெட்ரோமாக்ஸ் வீட்டுப் பிள்ளை வாங்கிய கூடார விளக்குகள்

வாணியம்பாடியில் என் அப்பா பந்தல், பாத்திரம், விளக்கு வாடகைக் கடை வைத்திருந்தார். கடையில் பதினெட்டு பெட்ரோமாக்ஸ் இருந்தன. எங்கள் பக்கம் அதற்குப் பெயர் கேஸ் லைட். மண்ணெண்ணெய் ஊற்றி, சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் விட்டுக் கொளுத்தி, பம்ப் அடித்து, மேண்டில் (உள்ளே ஒளிரும் வலை) வெள்ளை வெளேரென்று சீறத் தொடங்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது பள்ளி விடுமுறையில் என் வேலை. விளக்கு என்றால் கண் கூச வேண்டும் என்று அப்போதே மனதில் பதிந்துவிட்டது. கூடாரத்துக்கு விளக்கு வாங்கப் போனபோது அந்த நினைப்புதான் என்னைக் கெடுத்தது.

நாங்கள் மூன்று பேர்: நான், மனைவி, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள். ஜமுனாமரத்தூர் பக்கம் நண்பர் ஒருவரின் சாமைக் கொல்லை இருக்கிறது. வருடத்துக்கு மூன்று நான்கு முறை ஆலங்காயம், காவலூர் வழியாக மலையேறி அங்கே கூடாரம் போடுகிறோம். இரண்டு ஆண்டுகளில் நான்கு விதமான விளக்குகளை வாங்கிப் பார்த்துவிட்டேன்.

முதலில் வாங்கியது இணையத்தில் கிடைத்த பெரிய எல்.இ.டி. லாந்தர். அட்டைப் பெட்டியில் வெளிச்சத்தின் அளவு 1,000 லூமன் என்று போட்டிருந்தது. விலை 2,300 ரூபாய், எடை முக்கால் கிலோ. கூடாரத்தின் உச்சியில் இருக்கும் துணி வளையத்தில் அதை மாட்டினால் உள்துணி தொட்டில் போலத் தொங்கியது. இரவில் மூச்சுக்காற்றின் ஈரம் அந்தப் பள்ளத்தில் சேர்ந்து சொட்டுச் சொட்டாக என் கழுத்தில் விழுந்தது. கீழே வைத்தாலோ நம் நிழல் பூதம் மாதிரி சுவரில் ஆடுகிறது. உள்ளே சட்டை மாற்றினால் கொல்லை முழுவதற்கும் நிழற்கூத்து.

ஐப்பசி முதல் மழைக்கு மறுநாள் அதை வெளியே வைத்துச் சாப்பிட உட்கார்ந்தோம். ஐந்தே நிமிடம். ஈசல் படையெடுத்துவிட்டது. சாம்பாரில் இறக்கை, தண்ணீரில் இறக்கை, மகளின் தலைமுடியில் இறக்கை. நீலம் தட்டும் வெள்ளை வெளிச்சம் பூச்சிகளை அதிகம் இழுக்கும், மஞ்சள் வெளிச்சத்துக்கு அவ்வளவாக வராது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: பெட்டியில் 6,500 கே என்று இருந்தால் பகல் வெள்ளை, 2,700 கே என்று இருந்தால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். கடையில் நிற்கும்போது முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான். நான் லூமனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதைவிட எரிச்சல் அதன் பொத்தான். இருப்பது ஒன்றே ஒன்று. ஒரு முறை அழுத்தினால் முழு வெளிச்சம், இரண்டாவது அழுத்தலுக்குப் பாதி, மூன்றாவதுக்குச் சிவப்பு, நான்காவதுக்கு ஆபத்துக்கால மின்னல், ஐந்தாவதில்தான் அணையும். நள்ளிரவில் வெளியே போக எழுந்த மனைவி அதை எரியவிட்டு அணைப்பதற்குள் மூவருக்கும் தூக்கம் போய்விட்டது. மறுநாள் அவர் அதைக் காரின் பின்பக்கம் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் திறந்து பார்த்தேன். உள்ளே 18650 என்று சொல்லும் உருளை செல் ஒன்று. மேலே அதன் கொள்ளளவு 9,900 எம்.ஏ.எச். என்று அச்சிட்டிருந்தது. அந்த அளவுள்ள நல்ல செல்லில் 3,500 வாக்கில் இருந்தாலே பெரிது. எதிர்வீட்டு நகைக்கடைக்காரரின் தராசில் வைத்தோம்: 31 கிராம். நல்ல செல் 45 கிராம் வாக்கில் இருக்கும். "இது தங்கமாக இருந்திருந்தால் உங்களைப் போலீஸில் பிடித்துக் கொடுத்திருப்பேன்" என்றார் அவர்.

இரண்டாவது, ஊதினால் பெரிதாகும் பிளாஸ்டிக் சூரிய விளக்கு. தட்டையாக மடித்துப் பையில் செருகலாம், எடையே தெரியாது. பால் போன்ற உறை என்பதால் வெளிச்சம் பரவலாக விழுகிறது, நிழல் கூர்மையாக இல்லை. ஆனால் அதன் சூரியத் தகடு உள்ளங்கை அளவுதான். சார்ஜ் முழுதாக ஏற நாள் முழுவதும் வெயில் வேண்டும். மலையில் மேகம் மூடிய மார்கழியில் காலை முதல் மாலை வரை கார் கூரைமேல் வைத்து எடுத்தால், இரவு இரண்டு மணி நேரம் எரிந்து மங்கிவிட்டது. யு.எஸ்.பி.யிலும் ஏற்றக்கூடியதாக வாங்கினால் பரவாயில்லை. வெயிலை மட்டும் நம்பும் மாதிரி வேண்டாம்.

மூன்றாவதாக வாங்கியது மகளுக்காக, தலையில் மாட்டும் டார்ச், சிவப்பு விளக்கோடு. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறதே, 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே வந்தது. அந்த மலையை அதற்குத் தேர்ந்தெடுத்த காரணங்களில் ஒன்று இருட்டு. அதே இருட்டைப் பார்க்கத்தான் இவள் எங்களோடு வருகிறாள். கண் இருளுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரம் பிடிக்கும். ஒருமுறை வெள்ளை விளக்கைப் போட்டால் எல்லாம் முதலிலிருந்து. "அப்பா, லாந்தரைப் போட்டீர்கள், என் நட்சத்திரமெல்லாம் போச்சு!" என்று இரண்டு முறை அழுதிருக்கிறாள். மங்கலான சிவப்பில் அந்தத் தொல்லை இல்லை. வாங்கும்போது சிவப்புக்குத் தனிப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையைத் தாண்டித்தான் சிவப்புக்குப் போக முடியும் என்றால் காசு வீண். இந்த டார்ச்சுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனின் மேல் விளக்குமுகம் உள்நோக்கி இருக்கும்படி கட்டிவிட்டால், கேன் முழுவதும் ஒளிரும். சாப்பிடுவதற்கு அது போதும்.

நான்காவதுதான் நிலைத்தது. 640 ரூபாய்க்கு ஒரு மஞ்சள் சர விளக்கு, ஐந்து மீட்டர், யு.எஸ்.பி. முனை. எடை நூறு கிராமுக்குச் சற்று மேல். கூடாரத்தின் உள்மூலைகளில் சுற்றிவிட்டால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் இருந்து வருகிறது, யாருடைய நிழலும் யார்மீதும் விழுவதில்லை, கண்ணில் குத்துவதும் இல்லை. புத்தகம் படிக்கலாம், சீட்டு ஆடலாம். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்கில் மூன்று இரவு, இரவுக்கு நான்கு மணி நேரம் எரித்தும் சார்ஜ் காட்டும் நான்கு புள்ளியில் ஒன்று மிச்சமிருந்தது. ஒரு குறை: வெளிச்சத்தை மிகவும் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் போதாமல், "எதுவும் மாட்டவில்லை" என்று நினைத்துப் பவர் பேங்க் அரை நிமிடத்தில் தானே அணைந்துவிடுகிறது. கூடவே கைப்பேசியையும் சார்ஜில் போட்டால் அணைவதில்லை. மழையில் நனைந்தால் முனைப்பகுதிதான் முதலில் கெடும், அதை உள்ளேயே வையுங்கள்.

பெட்ரோமாக்ஸை உள்ளே வைக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கூடவே கூடாது. கூடாரத் துணி ஒரு நொடியில் பற்றும். பற்றாவிட்டாலும், மூடிய இடத்தில் எரியும் மண்ணெண்ணெயும் கேஸும் கார்பன் மோனாக்சைடு விடும். வாசனையே இல்லாமல் தூக்கத்தில் ஆளைக் கொல்லும். எத்தனை மழை பெய்தாலும் கேஸ் லைட்டை மூடிய அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்த அப்பா விட்டதில்லை.

போன பொங்கலுக்கு அவரையும் மலைக்கு அழைத்துப் போனோம். எண்பத்திரண்டு வயது. சர விளக்கைப் போட்டதும் சுற்றும்முற்றும் பார்த்தார். "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை எவன்டா வாடகைக்கு எடுப்பான்?" என்று கேட்டுவிட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டார்.