லோரியில் வரும் ‘ஊசி போட்ட’ முட்டைக் கோழிகள்: சுங்கை சிப்புட் மக்கள் கவனத்துக்கு

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கம்போங் கோழி (நாட்டுக்கோழி) வளர்ப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். பண்ணையில் முட்டை குறைந்ததும் கழித்துவிடும் கோழிகளை லோரியில் ஏற்றி, தோட்டம் தோட்டமாக ஒருவர் விற்று வருகிறார். விலை மலிவு என்பதால் எங்கள் லயத்தில் பலரும் வாங்கினோம்.

வாங்குவதற்கு முன்பே கேட்டேன். “தம்பி, என் கோழிகளுக்கு ஒரு ஊசியும் போட்டதில்லை. ஒரே கூண்டில் விடலாமா?”

“அண்ணே, இது எல்லா ஊசியும் போட்ட கோழி. நோயே அண்டாது. உங்க கோழிக்கும் ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு.”

சில வாரங்களில் என் இளங்கோழிகள் விழ ஆரம்பித்தன. ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் நீட்டியபடி எழ முடியாமல் கிடந்தன. உடம்பு கரைந்துகொண்டே போனது. ஒரு சேவலுக்குக் கண் சாம்பல் நிறமாகி, கண்மணியின் ஓரம் கோணிவிட்டது. லோரியில் வந்தவை மட்டும் கொண்டை சிவக்க மேய்ந்துகொண்டிருந்தன. செத்த கோழியைக் கால்நடை இலாகாவில் கொடுத்தோம். அறுத்துப் பார்த்த டாக்டர், ஈரலில் கட்டி, தொடை நரம்பில் வீக்கம், இது மாரெக் என்னும் வைரஸ் நோய் என்றார்.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். மாரெக் தடுப்பூசியைக் குஞ்சு பொரித்த அன்றே போடுகிறார்கள், பெரிய பொரிப்பகங்களில் அடைவைத்த 18-ஆம் நாள் முட்டைக்குள்ளேயே போடுவதும் உண்டு. அது கட்டி வராமல் காக்கும். ஆனால் வைரஸ் உடம்புக்குள் நுழைவதையோ பெருகுவதையோ தடுக்காது. ஊசி போட்ட கோழி பார்க்க நன்றாக இருந்துகொண்டே, இறகின் வேரிலிருந்து உதிரும் தூசியில் வைரஸை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தூசியை மூச்சில் இழுத்தாலே மற்ற கோழிக்குத் தொற்றிவிடும். கூண்டில் படிந்த தூசியில் வைரஸ் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். ஊசி போடாத கோழியைச் சீக்கிரமே கொன்றுவிடும் கடுமையான ரகங்கள்கூட, ஊசி போட்ட கோழி பிழைத்திருப்பதால் அதன் வழியே நெடுநாள் பரவ முடிகிறது என்று 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

தனியாக வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். மாரெக்குக்கு அது போதாது. அறிகுறியே இல்லாத கோழியை எத்தனை நாள் பார்த்தாலும் என்ன தெரியும்?

இதற்காக ஊசியே வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். லோரிக் கோழிகள் பிழைத்திருப்பதே அந்த ஊசியால்தான். மாரெக் மனிதருக்குத் தொற்றாது, முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகாது.

எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது பிறகு நடந்ததில்தான். போன் செய்ததும் அந்த வியாபாரி ஒரு புட்டியோடு வந்து, “இதைப் போட்டா எழுந்து நடக்கும்” என்று கோழிக்கு இவ்வளவு என்று காசு வாங்கினார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா தன் கோழிகள் எல்லாவற்றுக்கும் கொடுத்தார். புட்டியில் எழுதியிருந்தது நியூகாசல், லசோட்டா. அது நியூகாசல், அதாவது சம்பார் என்னும் வேறொரு கோழி நோய்க்கான தடுப்பு மருந்து, மாரெக்குக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சரியான மாரெக் தடுப்பூசியே ஆனாலும் நோய் வந்தபின் போட்டுப் பயனில்லை. பெரியம்மாவின் கோழிகள் ஒன்றும் எழவில்லை.

இனி யாராவது ஊசி போட்ட கோழி என்றால், எந்த நோய்க்கு, எந்த வயதில் என்று கேளுங்கள், பண்ணையின் தடுப்பூசிப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக வளர்ப்பதானால் பொரித்த அன்றே மாரெக் ஊசி போட்ட குஞ்சுகளை வாங்கி, ஊசி வேலை செய்யக் குறைந்தது 2 வாரமாவது பழைய கோழிகளிடமிருந்து தள்ளி, வேறு இடத்தில் வையுங்கள்.

காலிப் புட்டியும், அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவும் என்னிடம் இருக்கின்றன. பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு போடலாம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. அவரிடம் வாங்கியவர்கள் எனக்கு மெசேஜ் அனுப்புங்கள். பெரியம்மாவும் நானும் மனு போடப் போகிறோம்.