பழைய பெட்ரோல் பிக்கப்பின் ஐடிலிங் ஆட்டம்: ஸ்கேனரா, வேக்குவம் கேஜா?

ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. வண்டி நின்று எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல், ஓடும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்கும், சைலன்ஸர் சத்தம் விட்டு விட்டு வரும். பழைய பெட்ரோல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லைதான். காரணத்தைத் தேட இரண்டு கருவிகள் உண்டு: வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு கோடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர், எஞ்சின் காற்றை இழுக்கும் உறிஞ்சல் அழுத்தத்தை ஊசியில் காட்டும் வேக்குவம் கேஜ். என் ஆறு சிலிண்டர் வண்டியில் இரண்டையும் மாட்டிப் பார்த்துவிட்டு நான் கேஜ் பக்கம் சாய்ந்துவிட்டேன். அதனால் கீழே கேஜுக்குத்தான் இடம் அதிகம்.

காயில், சென்சார், பம்ப் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவது மூன்றாவது வழி. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பிளக், பிளக் ஒயர், ஏர் ஃபில்டர், பிசிவி வால்வு (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மறுபடி காற்றுப் பாதைக்கு அனுப்புவது), விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ் இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்து, எஞ்சினுக்குக் காற்றைத் திறந்து விடும் த்ராட்டில் பாடியில் படிந்த கரியையும் துடைத்தாகிவிட்டது, அப்படியும் ஆட்டம் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஸ்கேனர். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் ஓபிடி 2 கட்டாயம் என்பதால் அதற்குப் பிந்தைய பிக்கப் என்றால் மாட்டினதும் பேசும். பி0300 என்றால் பல சிலிண்டரில் மிஸ்ஃபயர் (சரியாக எரியாமல் போவது), பி0304 என்றால் நான்காவது சிலிண்டரில். இந்த கோடுகளை விட எனக்குப் பிடித்தது ஃபியூவல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துச் செய்யும் திருத்தம். ஐடிலில் ட்ரிம் 20 சதவீதம் ஏறி நின்று, 2500 ஆர்பிஎம்மில் சாதாரண அளவுக்கு இறங்கினால் எங்கோ திருட்டுக் காற்று உள்ளே போகிறது. வேகம் கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் குறைத்துக் கணக்குச் சொல்கிறது. ஆனால் இது ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள எஞ்சினுக்குத்தான் சரியாக வரும். காற்றை நேரடியாக அளக்காமல் உள்ளே உள்ள அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்து ஓடும் எஞ்சினில் அந்தத் திருட்டுக் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். ட்ரிம் பெரிதாக ஏறாது, ஐடில் வேகம்தான் கூடும். ட்ரிம் நன்றாக இருக்கிறதே என்று அங்கே தேடுவதை நிறுத்திவிடக் கூடாது.

சரி, கேஜுக்கு வருவோம். ஒரு டயல், ஒரு ஹோஸ், ஹோஸில் கிளை எடுக்க ஒரு டீ இணைப்பு, அவ்வளவுதான். எடுக்க வேண்டிய இடம் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு. த்ராட்டில் தட்டுக்கு மேலே உள்ள முனையில் மாட்டினால் ஐடிலில் ஊசி அசையவே அசையாது; கேஜ் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடுவோம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, கடல் மட்டத்தில், நல்ல எஞ்சினுக்கு 17 முதல் 22 இன்ச் (பாதரச அளவு) வரை ஊசி அசையாமல் நிற்க வேண்டும். உயரம் 300 மீட்டர் கூடினால் ஏறக்குறைய ஒரு இன்ச் குறையும். மலைப்பகுதியில் இருப்பவர்கள் இதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

நான் கேஜ் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். கோளாறு எஞ்சினுக்கு உள்ளேயா வெளியேயா என்ற கேள்விக்கு, எஞ்சினைக் கழற்றாமல், பாகம் எதையும் வாங்காமல் அது முதல் பதிலைத் தந்துவிடுகிறது. ஸ்கேனர் நான்காவது சிலிண்டர் என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, கருகிய வால்வா, எல்லாம் அதற்கு ஒரே மிஸ்ஃபயர்தான். பழைய எஞ்சினில் இந்த வித்தியாசம் பெரிய விஷயம். முதல் மூன்றும் ஒரு மதிய வேலை. வால்வு என்றால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டையே இறக்கும் வேலை.

என் வண்டியில் ஊசி 18-இல் நின்றபடி, சீரான இடைவெளியில் இரண்டு மூன்று இன்ச் கீழே வெட்டி வெட்டி ஏறியது. தாளம் தவறவில்லை. ஒரே சிலிண்டர் ஒவ்வொரு சுற்றிலும் கோட்டை விடுகிறது என்று அர்த்தம். முழுக்கச் செத்த பிளக்கும் இதே மாதிரி காட்டும் என்பதால் ஸ்கேனர் காட்டிய சிலிண்டரின் பிளக்கையும் ஒயரையும் பக்கத்து சிலிண்டரோடு இடம் மாற்றி மாட்டினேன். வெட்டும் போகவில்லை, ஸ்கேனரில் மிஸ்ஃபயரும் அந்த சிலிண்டரை விட்டு நகரவில்லை. சிலிண்டர்களின் அழுத்தத்தை (கம்ப்ரெஷன்) அளந்து பார்த்தபோது ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றில் பாதி கூட இல்லை. அந்த சிலிண்டரில் காற்றை ஏற்றிப் பார்த்தால் சைலன்ஸர் வழியே சீறல், அதாவது எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை. வேகத்தில் ஏன் சரியாக ஓடியது என்பதும் அப்போது விளங்கியது: வேகம் கூடினால் காற்று கசிய நேரம் கிடைப்பதில்லை.

ஊசியின் மற்ற நடைகளும் உண்டு. ஐடிலில் படபடவென்று அதிர்ந்து, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் அடங்கினால் தேய்ந்த வால்வு கைடை (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாய்) சந்தேகிக்கலாம். தாளமில்லாமல் எப்போதாவது வெட்டினால் ஒட்டிக்கொள்ளும் வால்வு, அல்லது விட்டு விட்டு வரும் ஸ்பார்க். 2500-இல் பிடித்து வைத்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எக்ஸாஸ்ட் அடைப்பு. மலிவு கேஜில் ஊசி சும்மாவே துள்ளும். ஹோஸைக் கொஞ்சம் நசுக்கிப் பிடித்தால் அடங்கும். ரொம்ப நசுக்கினால் பார்க்க வேண்டிய வெட்டும் சேர்ந்து மறைந்துவிடும்.

கேஜ் திணறும் இடமும் இருக்கிறது. ஊசி அசையாமல், ஆனால் 13, 14-இல் தாழ்ந்து நின்றால் அது எதுவாகவும் இருக்கலாம்: ஏர் லீக், தாமதமான டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்), மூடாமல் நிற்கும் ஈஜிஆர் வால்வு (எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் விடுவது). அங்கே நானே ஸ்கேனரைத்தான் எடுப்பேன். ட்ரிம் ஏறியிருந்தால் லீக்கைத் தேடி, முடிந்தால் புகை விட்டுப் பார்ப்பேன் (சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் கார்ப் கிளீனர் அடித்துத் தேடுவது தீயோடு விளையாட்டு). ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள எஞ்சினில் ட்ரிம் சாதாரணமாக இருந்தால் டைமிங்கும் ஈஜிஆரும்தான் முதல் சந்தேகம். வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் பெரிய கேம் ஷாஃப்ட் போட்ட வி8 எஞ்சின் என்றால் வேக்குவம் இயல்பாகவே குறைந்து ஆடும். மேலே சொன்ன எண்கள் அதற்குப் பொருந்தாது. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள எஞ்சினில் கோளாறு பெரும்பாலும் காயிலில்தான் என்பதால், அங்கே ஸ்கேனர் காட்டும் சிலிண்டரின் காயிலை இடம் மாற்றிப் பார்ப்பதே சீக்கிரம் முடிகிற வழி.

கார்புரேட்டர் வண்டியில் என் கைப்பழக்கம் குறைவு. ஆனால் அங்கே போட்டியே கிடையாது, ஸ்கேனரை மாட்ட இடமே இல்லை. கேஜை மாட்டி, ஐடிலில் பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைக் கால் திருகு கால் திருகாக வெளியே எடுத்துக்கொண்டே ஊசியைக் கவனியுங்கள். அது உச்சிக்குப் போய் நின்றதும், விழத் தொடங்காத அளவுக்கு லேசாக உள்ளே திருப்பி விட்டுவிடுங்கள். அப்புறம் ஐடில் வேகம் ஏறியிருந்தால் ஸ்பீட் ஸ்க்ரூவைக் குறைத்து, மிக்சரை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.