வில்காக்ஸ் தொகுப்பா, குரூப் ரிசர்ச் கோப்புகளா?

அமெரிக்க வலதுசாரிகளைப் பற்றி ஆராய இந்த இரண்டு ஆவணத் தொகுப்புகளில் எதை முதலில் பார்ப்பது? அவர்களின் சொந்தக் குரலைக் கேட்க வேண்டுமா? கான்சஸ் பல்கலைக்கழகத்தின் வில்காக்ஸ் தொகுப்புக்குப் போங்கள். லேர்ட் வில்காக்ஸ் சேர்த்தவற்றைப் பல்கலைக்கழகம் 1965இல் பெற்றது. மற்றவர்கள் குப்பையில் போட்டிருக்கக்கூடிய துண்டறிக்கைகள், சிற்றிதழ்கள், ஒலிநாடாக்கள் எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கின்றன. இடதுசாரிகளின் தாள்களும் உண்டு. இரு தரப்பின் வசவுகளையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கலாம்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருப்பவை வேறு ரகம். வலதுசாரிகளைக் கண்காணிக்க வெஸ்லி மெக்கூன் 1962இல் வாஷிங்டனில் தொடங்கிய குரூப் ரிசர்ச் என்ற அமைப்பின் கோப்புகள் அவை. கம்யூனிச எதிர்ப்பு ஜான் பர்ச் சங்கம் போன்ற வலதுசாரி அமைப்புகளில் யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று துருவ, அந்தச் செய்தி நறுக்குகள்தான் கைகொடுக்கும். ஆனால் எது முக்கியம் என்று தீர்மானித்தது எதிர்முகாம். அதனால் நான் முதலில் கான்சஸுக்குத்தான் போவேன்.