ஜாவாவின் ஓவர்ரைடு விதிகள்: நெடுநாள் பயன்படுத்தியவனின் குறிப்புகள்

ஜாவா நிரல்மொழியின் 5ஆம் பதிப்புக் காலத்திலிருந்து ஒரே பில்லிங் மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் (சில மெத்தட்களை உடலின்றி, அறிவிப்பாக மட்டும் விடக்கூடிய கிளாஸ்), இன்டர்ஃபேஸ் (ஒரு கிளாஸ் நிறைவேற்ற வேண்டிய மெத்தட்களின் பட்டியல்) இரண்டின் மெத்தட்களையும், அதாவது பெயரிட்ட செயல்கூறுகளை, ஓவர்ரைடு செய்யும் (தன் கிளாஸில் மறுபடி எழுதும்) விதிகளோடு நான் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன்.

அடிப்படை விதிகள் விரைவில் கைக்குப் பழகிவிடும். இன்டர்ஃபேஸில் அணுகல் குறிப்பின்றி எழுதும் மெத்தட் பப்ளிக் (எங்கிருந்தும் அழைக்கக்கூடியது) என்றே கொள்ளப்படுவதால், அதை நிறைவேற்றும் கிளாஸில் பப்ளிக் என எழுத மறந்தால், நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் நிறுத்திவிடும். ஓவர்ரைடு செய்யும்போது புரொடெக்டட் மெத்தட்டைப் பப்ளிக் ஆக்கி அணுகலை விரிக்கலாம், பிரைவேட் ஆக்கிச் சுருக்க முடியாது. ஓவர்ரைடு அனொடேஷனை (‘இது ஓவர்ரைடு’ என்று கம்பைலருக்குச் சொல்லும் குறி) இன்டர்ஃபேஸ் மெத்தட்டுக்கு இட்டால் ஜாவா 5 பிழை காட்டும். ஜாவா 6இல்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

2014இல் ஜாவா 8 உடன் வந்த டிஃபால்ட் மெத்தட்தான் (இன்டர்ஃபேஸிலேயே உடலோடு எழுதும் மெத்தட்) என்னை உண்மையில் சோதித்தது. எங்கள் பேஸ் கிளாஸில் (துணைக் கிளாஸ்களுக்கு மூலமான கிளாஸ்) ‘வேலிடேட்’ என்ற பப்ளிக் மெத்தட் வெற்று உடலோடு ஏற்கெனவே இருந்தது. துணைக் கிளாஸ்கள் நிறைவேற்றும் இன்டர்ஃபேஸ் ஒன்றில் அதே பெயரும் அதே பாராமீட்டர்களும் கொண்ட டிஃபால்ட் மெத்தட்டை, கண்டிப்பான சரிபார்ப்புகளோடு சேர்த்தேன். பிழை ஏதும் வரவில்லை, சரிபார்ப்பும் நடக்கவில்லை. இரண்டு இன்டர்ஃபேஸ்களின் டிஃபால்ட்கள் மோதினால் கம்பைலர் உடனே சொல்லிவிடும். ஆனால் கிளாஸ் வழியாக வரும் மெத்தட்டும் டிஃபால்ட்டும் மோதும்போது கிளாஸே வெல்லும், அதுவும் சத்தமில்லாமல். துணைக் கிளாஸில் நான் எதையும் எழுதாததால், அத்தனை ஆண்டுகள் நம்பியிருந்த அனொடேஷனுக்கும் அங்கே வேலை இல்லை.

பேஸ் கிளாஸிலிருந்து அந்த மெத்தட்டை நீக்கிவிடலாமே என்று தோன்றும். பேஸ் கிளாஸ் வகையின் வழியாகவே அதை அழைக்கும் இடங்கள் பல இருந்ததால் அது இயலவில்லை. ஆகவே வெற்று உடலை எடுத்துவிட்டு அதை அப்ஸ்ட்ராக்ட் ஆக்கினேன். அப்போதும் டிஃபால்ட் தானாக வந்து இடத்தை நிரப்பாது; உடலே இல்லாவிட்டாலும் கிளாஸின் அறிவிப்புக்குத்தான் முதலிடம். ஆனால் இம்முறை ஒவ்வொரு துணைக் கிளாஸிலும் கம்பைலர் பிழை காட்டியது. நான் வேண்டியதும் அதுவே. வெற்று உடல் வசதிபோலத் தெரிந்தாலும், அப்ஸ்ட்ராக்ட் அறிவிப்பையே இப்போது விரும்புகிறேன்.

துணைக் கிளாஸ்கள் ஒவ்வொன்றிலும் ‘வேலிடேட்’டை எழுதி, இன்டர்ஃபேஸ் பெயர், புள்ளி, சூப்பர் என்ற வடிவில் டிஃபால்ட்டை அழைத்தேன். அந்த இன்டர்ஃபேஸைத் துணைக் கிளாஸ் தானே நேரடியாக நிறைவேற்றுவதாக அறிவித்திருந்தால் மட்டுமே இவ்வடிவம் செல்லும். எங்கள் கிளாஸ்கள் அப்படி அமைந்திருந்தது தற்செயல்தான்.